எஞ்சின் நம்பரின் முதல் நாலு எழுத்து

“எஞ்சின் போச்சு சார். கம்பெனியில் போனால் கட்டுப்படி ஆகாது. புதுப்பேட்டையில் ஒண்ணு பார்த்துடலாம்” என்று மெக்கானிக் சொன்னதுமே நமக்கு இரண்டு பயம் வந்துவிடும். பழைய சாமான் எத்தனை நாள் உழைக்குமோ என்பது ஒன்று. தலையில் கட்டிவிடுவார்களோ என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம்தான். ஆனால் இவை இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாங்கப்போகிற சாமான் நம் வண்டிக்குச் சேருமா? நல்ல நிலையில் இருக்கிற சாமானை, நேர்மையான கடைக்காரர் நியாயமான விலைக்குக் கொடுத்தாலும் அது நம் வண்டிக்குச் சேராவிட்டால் எடைக்குப் போடத்தான் வேண்டியிருக்கும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. இன்னொரு டீக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் என்றால் புதுப்பேட்டைதான். எழும்பூர்ப் பக்கம், கூவம் ஓரத்துத் தெருக்களில் வண்டிகளைப் பிரித்து, கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ், எஞ்சின் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்காரர் முதலில் கேட்பது, “என்ன வண்டி, எந்த வருஷம்?” நாமும் “ஸ்விஃப்ட் பெட்ரோல், 2010” என்போம். அது போதாது. 2005-ல் வந்த ஸ்விஃப்டில் இருந்தது 1298 சி.சி. ஜி13பிபி எஞ்சின். 2010-ல் அதே உடம்புக்குள் 1197 சி.சி. கே12எம் எஞ்சினை வைத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் அதே கார். உள்ளே முதலாவதற்கு டைமிங் பெல்ட், இரண்டாவதற்கு டைமிங் செயின். ஒன்றின் ஹெட் இன்னொன்றில் உட்காராது. 2010 என்று ஆர்.சி.யில் போட்டிருக்கிற வண்டிக்குள் இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். போதாததற்கு, தயாரான வருஷம் ஒன்றாகவும் பதிவான வருஷம் இன்னொன்றாகவும் இருக்கிற வண்டிகள் நிறைய.

சரி, சி.சி.யைச் சொல்லிக் கேட்கலாமே என்று தோன்றும். அதுவும் கைகொடுக்காது. மாருதி 800, ஆல்டோ இரண்டுமே 796 சி.சி., மூன்று சிலிண்டர். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. என்று அந்த அளவுகளும் ஒன்றே. ஆனால் 800-ல் பெரும்பாலும் இருந்த எஃப்8பி எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் ஆறு. ஆல்டோவில் வந்த எஃப்8டி எஞ்சினில் சிலிண்டருக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு. ஹெட், கேம்ஷாஃப்ட், மானிஃபோல்டு எல்லாமே வேறு. இதற்கு மேல் ஒரு குழப்பமும் உண்டு. ஐந்து கியரோடு வந்த 800-களில் அந்தப் பன்னிரண்டு வால்வு எஞ்சின்தான் இருந்தது. ஆகவே, “800-க்கு ஹெட் வேணும்” என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதில்தான் குறை.

சரியாகக் கேட்க வழி எஞ்சின் நம்பர். ஆர்.சி.யிலேயே அது இருக்கிறது. மாருதி வண்டிகளில் அந்த நம்பரின் முதல் நாலு எழுத்தைப் பார்த்தாலே எஞ்சின் வகை தெரிந்துவிடும். எஃப்8பி, எஃப்8டி, கே10பி, கே12எம், டீசல் என்றால் டி13ஏ என்று அது தொடங்கும். மற்ற கம்பெனி வண்டி என்றால் பதினேழு எழுத்துள்ள சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் போங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இந்த வண்டிக்கு எந்த எஞ்சின், இன்ன சாமானுக்கு என்ன பார்ட் நம்பர் என்று சொல்லிவிடுவார்கள். கூடவே புதுச் சாமானின் விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் பழையதற்கு விலை பேசவே முடியாது. சில சாமான்களில் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. அப்படியானால் புதுப்பேட்டை வரை போகவே வேண்டாம்.

ஆர்.சி.யைப் பார்த்ததோடு நிறுத்திவிடவும் கூடாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால், நமக்கு முன்னால் வைத்திருந்தவர் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். பானெட்டைத் திறந்து, பிளாக்கில் குத்தியிருக்கிற நம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கும். கொஞ்சம் டீசலைத் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் இருப்பதும் பிளாக்கில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால் முதலில் அந்த விவகாரத்தைத் தீர்த்துவிட்டுத்தான் சாமான் வாங்கப் போக வேண்டும்.

பார்ட் நம்பரையும் கொஞ்சம் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. சுசூகி முறையில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பதைச் சொல்லும். 11141 என்று தொடங்கினால் ஹெட் கேஸ்கெட். அதற்குப் பிறகு வருவது எந்த மாடலுக்கானது என்பதைச் சொல்லும். முதல் பாதி ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு இரண்டாம் பாதியைக் கவனிக்காமல் வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதே போல, இரும்பிலோ அலுமினியத்திலோ புடைத்துக்கொண்டிருக்கிற வார்ப்பு எண்ணைப் பார்ட் நம்பர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே அச்சில் வார்த்ததை வேறு வேறு விதமாகத் துளையிட்டு, கடைந்து, இரண்டு மூன்று மாடலுக்கு அனுப்புவது எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறது. வார்ப்பு எண் ஒன்றாக இருந்தும் போல்ட் ஓட்டை மாறியிருக்கும்.

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடத்துக்கு வருவோம். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே கார் பத்திரிகைகள் எழுதின. 1248 சி.சி., நாலு சிலிண்டர், போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. மாருதியில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா. டாடாவில் இண்டிகா விஸ்டா, மான்சா. ஃபியட்டில் புன்டோ, லீனியா. ஷெவர்லேயில் செயில். எல்லாவற்றிலும் அந்த எஞ்சின்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள் இன்னும் ஏராளம். அதனால் பழைய சாமானுக்குக் கிராக்கியும் குறையவில்லை.

“எல்லாம் ஒரே எஞ்சின்தான் சார், போட்டுக்கலாம்” என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பிளாக், கிராங்க், பிஸ்டன் அளவில் உறவு உண்டு. ஆனால் 75 குதிரைத்திறன் எஞ்சினில் இருப்பது சாதாரண டர்போ. 90 குதிரைத்திறன் எஞ்சினில் இருப்பது உள்ளே இறக்கைகள் திரும்பி காற்றோட்டத்தை மாற்றுகிற வகை டர்போ. ஸ்விஃப்டில் வந்தது முதல் வகை. எர்டிகா, சியாஸ், மான்சாவில் இரண்டாவது வகை. எர்டிகா டர்போவை ஸ்விஃப்டில் பூட்ட வழி செய்துகொண்டாலும், அந்த இறக்கைகளைத் திருப்பச் சொல்லி உத்தரவு கொடுக்க ஸ்விஃப்டின் எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.எம்.முக்குத் தெரியாது. வண்டி இழுக்காது, புகை தள்ளும், கடைசியில் டர்போவுக்கே கேடு. டர்போவின்மேல் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் இருக்கிற நம்பரைப் பழைய டர்போவின் தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலையைப் பேசுங்கள். தகடு இல்லாத டர்போவைக் கையில்கூடத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரே திறன் உள்ள எஞ்சினாக இருந்தாலும் கம்பெனி மாறினால் சுற்றியிருப்பவை மாறும். மவுண்டிங் பிராக்கெட், கியர்பாக்ஸ், காற்றுக் குழாய்கள், வயரிங் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் வண்டிக்கு ஏற்றபடி செய்தவை. ஆகவே டாடா எஞ்சினை ஸ்விஃப்டில் இறக்குவதாக இருந்தால், “வெறும் பிளாக்கையும் உள்சாமானையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் நம் வண்டியுடையதை மாட்டுவீர்களா?” என்று மெக்கானிக்கிடம் முன்னாலேயே கேட்டு, அவர் பதிலைக் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள். அந்த வேலைக்கு ஆகிற கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தால், அதே கம்பெனி எஞ்சினைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே பல நேரம் லாபமாக இருக்கும்.

காமன்ரெயில் டீசல் இன்ஜெக்டர் இன்னொரு கண்ணி. பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசலைத் தெளிக்கிறது என்று தொழிற்சாலையில் அளந்து போட்ட எண் அது. புதிதாக மாட்டினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வைத்து இ.சி.எம்.மில் ஏற்ற வேண்டும். குறியீடு தேய்ந்து, படிக்க முடியாமல் போன இன்ஜெக்டரை வாங்கினால் எதை ஏற்றுவது? இ.சி.எம். வாங்குவதென்றால் அதைவிடக் கவனம் வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் சாவிக்குள் இருக்கிற சிப்பும் இ.சி.எம்.மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் பிடிக்கும். வேறொரு வண்டியின் இ.சி.எம். பார்ட் நம்பர் அப்படியே ஒத்துப்போனாலும், சாவியைத் திருப்பினால் வண்டி எழுந்திருக்காது. அதைச் சேர்த்து எழுதிக் கொடுக்கிற ஆள் கிடைப்பார் என்று உறுதி செய்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய சாமானையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். படம் மட்டும் போதாது, படத்தில் அளவு தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் பினியன் பல்லை எண்ணுங்கள், போல்ட் ஓட்டைகளின் இடைவெளியைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் என்றால் புல்லியில் எத்தனை வரி, எத்தனை ஆம்பியர், பின்னால் பிளக்கில் எத்தனை பின். பிளைவீல் என்றால் விளிம்பில் உள்ள பல் எண்ணிக்கையோடு கிராங்க் சென்சாருக்கான பல்லையும் எண்ண வேண்டும். அங்கே ஒரு பல் கூடக்குறைய இருந்தால் கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் அவசரப்படுத்தினால், அவசரப்பட வேண்டாம்.

சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் விற்பனையாவதும் அதிகம் ஏமாறுவதும் அதில்தான். முதலில் ஹெட்டைக் கவிழ்த்து, அதன் பரப்பின்மேல் நேரான இரும்புப் பட்டியைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, இடையில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாருதியின் சிறு எஞ்சின்களுக்கு சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கிற வளைவு 0.05 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்கூடச் சில பேருக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதிகமாக வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சீவி எடுக்கலாம். ஆனால் அந்த ஹெட் ஏற்கெனவே ஒரு தடவை சீவியதா என்று பார்க்க வேண்டும். சீவச் சீவ ஹெட் உயரம் குறையும், கம்ப்ரஷன் ஏறும், டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனை இடிக்கிற நிலைகூட வரும்.

அடுத்தது, கேம்ஷாஃப்டைப் பிடித்திருக்கிற கேப்புகள். அந்தக் கேப்புகளை ஹெட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்தே தொழிற்சாலையில் கடைகிறார்கள். அதனால் ஒரு ஹெட்டின் கேப் இன்னொரு ஹெட்டில் சரியாக உட்காராது. கேப்புகளின் தலையில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். வரிசை விட்டுப்போகாமல், எல்லாம் ஒரே வண்ணத்தில், ஒரே பழமையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கேப் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. வால்வு சீட்டுகளுக்கு இடையிலும், ஸ்பார்க் பிளக் ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் தண்ணீர்ப் பிரஷர் டெஸ்ட் செய்த பிறகு முடிவு சொல்வதாகக் கடைக்காரரிடம் பேசலாம்.

பிளாக் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது, “ஸ்டாண்டர்டு போரா, ரீபோர் ஆனதா?” ரீபோர் ஆன எஞ்சின் கெட்டது என்றில்லை. ஆனால் 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் போட்ட பிளாக்குக்கு நம் பழைய ஸ்டாண்டர்டு பிஸ்டன் ஆகாது. ஹெட் கழற்றியிருந்தால் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள், ஓவர்சைஸ் அளவு அதில் குத்தியிருக்கும். பெட்ரோல் எஞ்சின் முழுதாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்க்கலாம். மாருதி பெட்ரோல் எஞ்சின்களில் எந்த இரண்டு சிலிண்டருக்கும் இடையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பல டீசல் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட்டே இரண்டு மூன்று தடிமனில் வரும். அதன் ஓரத்தில் உள்ள ஓட்டையோ வெட்டோ எத்தனை என்பதை வைத்துத்தான் எந்தத் தடிமன் என்று தெரியும். பிளாக்கை மாற்றினால், பிஸ்டன் எவ்வளவு மேலே எழும்பி நிற்கிறது என்று மறுபடி அளந்துதான் கேஸ்கெட் வாங்க வேண்டும்.

பொருந்துமா என்று பார்த்தாயிற்று. அந்த எஞ்சின் எப்படிக் கடைக்கு வந்தது என்பதையும் கேளுங்கள். பின்னால் இடி வாங்கி உருக்குலைந்த வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். சென்னையில் எனக்குப் பயம் வெள்ளத்து வண்டிதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்களுக்குக் கணக்கில்லை. தண்ணீருக்குள் நிற்கும்போது ஸ்டார்ட் செய்த வண்டியில் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏற முயலும்போது கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆயில் மாற்றி, துடைத்து வைத்துவிட்டால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக நேரான வெல்டிங் கம்பி ஒன்றைப் பிஸ்டன்மேல் நிறுத்துங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்ற, கம்பி மேலே வரும். அது உச்சிக்கு வரும்போது, பிளக் ஓட்டையின் விளிம்புக்கு நேராகக் கம்பியில் கோடு போடுங்கள். எல்லாச் சிலிண்டரிலும் இதே போலச் செய்தால் கோடுகள் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் மட்டும் கோடு மற்றவற்றோடு சேராமல் தள்ளி விழுந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. பிளக் ஓட்டை நேராக இருக்கிற பெட்ரோல் எஞ்சினுக்கு இது சரிவரும். டீசலில் ஹெட்டைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். இது தவிர ஆல்டர்னேட்டர் உள்ளே வண்டல், வயரிங் பிளக்குகளுக்குள் காய்ந்த சேறு, பிளக் குழியில் துரு, ஆயில் மூடியின் அடியில் பால் போல வெளுத்த பிசுக்கு, இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

இரண்டு சக்கர வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சென்னையிலேயே தயாராகிற புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின், பிறகு வந்த ஏ.வி.எல்., அதற்குப் பின் யு.சி.இ., மூன்றுமே 346 சி.சி., போர் 70, ஸ்ட்ரோக் 90. ஆனால் காஸ்ட் அயர்னில் கியர்பாக்ஸ் தனிப்பெட்டி, யு.சி.இ.யில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு. 2020 கடைசியில் மீட்டியாரில் தொடங்கிய ஜே வகை எஞ்சின் 349 சி.சி., போர் 72, ஸ்ட்ரோக் 85.8. “350” என்று டேங்கில் எழுதியிருப்பதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் கார்பரேட்டர், இன்ஜெக்ஷன் வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழசில் வாங்கக் கூடாதவை சில இருக்கின்றன. கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் பெல்ட், டைமிங் செயின், வாட்டர் பம்ப். ஹெட் போல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல புது எஞ்சின்களில் அந்த போல்ட்டை இழுத்து நீள வைத்தே முறுக்குகிறார்கள், இரண்டாம் தடவை அது அதே பிடியில் நிற்காது. எஞ்சின் வெளியே இருக்கும்போது இவற்றை மாற்றினால் கூலி தனியாக ஆகாது.

கடைசியாகப் பேப்பர் விஷயம். விலை பேசி முடிக்கும்போதே, பூட்டி ஓட்டிப் பார்த்துச் சேராவிட்டால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முழு எஞ்சின் என்றால் எஞ்சின் நம்பரும், அது எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற பதிவெண்ணும் பில்லில் இருக்க வேண்டும். அந்த வண்டி முறையாக உடைக்கப்பட்டது என்பதற்கான காகிதத்தையும் கேளுங்கள். நம்பர் இருக்கும் இடம் தேய்த்ததாகவோ மறுபடி குத்தியதாகவோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருட்டுச் சொத்தைத் தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். “எனக்குத் தெரியாது” என்று நிரூபிக்க நம் கையில் இருப்பது அந்த பில் ஒன்றுதான்.

எஞ்சினை மாற்றிவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரை ஏற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். ஆர்.சி.யில் நம்பர் மாறி வருகிற வரைக்கும் கடை பில்லையும் பழைய எஞ்சின் நம்பரின் படத்தையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.